எந்த வருடத்துக் கரை? ராஜாஜி சாலை மரபு நடை: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையின் பழைய கரையோரத்தை ஒட்டி நாங்கள் நடத்திய ஒரு மரபு நடை எங்கே சரியாகப் போனது, எங்கே சறுக்கியது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே போன்ற நடையை நடத்த நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். கலந்துகொண்டவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி

எங்கள் குழுவில் ஐந்து பேர். யாருமே வரலாற்றைப் பாடமாகப் படித்தவர்கள் இல்லை. ஒருவர் கட்டடப் பொறியாளர், ஒருவர் பள்ளி ஆசிரியை, மற்றவர்கள் அலுவலக வேலைக்காரர்கள். அதற்கு முன் மயிலாப்பூர் மாடவீதி, திருவல்லிக்கேணி என்று நான்கைந்து நடைகள் நடத்திய அனுபவம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் சென்னை தினமான ஆகஸ்ட் 22ஐ ஒட்டி நகரத்தில் மரபு நடைகள் களைகட்டும். எல்லோரும் போகும் தெருவுக்கே நாமும் போவானேன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியை ஒரு சம்பவத்தைச் சொன்னார். திருச்சியிலிருந்து வந்த அவருடைய பெரியம்மா மெரினாவுக்குப் போகலாம் என்று மின்சார ரயிலில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, வெளியே வந்து ஒருவரிடம் "பீச்சு எங்கப்பா?" என்று கேட்டாராம். அவர் கை காட்டிய பக்கம் துறைமுகத்து மதில்தான் இருந்தது.

பீச் ஸ்டேஷனில் பீச் இல்லை. இந்த ஒரு வரியிலிருந்துதான் நடை பிறந்தது.

1640 வாக்கில் புனித ஜார்ஜ் கோட்டை எழும்பத் தொடங்கியதிலிருந்து 1870கள் வரை மெட்ராஸுக்குத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகில் ஆணியே இருக்காது. பலகையும் பலகையும் தென்னங்கயிற்றால் தைத்திருக்கும், அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். 1860களின் தொடக்கத்தில் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம்தான் சுவர் எழுப்பும் யோசனை வலுத்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். இரண்டு கைகளைக் கடலுக்குள் நீட்டியது போல அலைத்தடுப்புச் சுவர்கள் வளர்ந்தன. 1881 நவம்பர் புயல் அவற்றை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

இன்று ராஜாஜி சாலை என்கிறோமே, அதன் பழைய பெயர் முதல் கடற்கரைச் சாலை. அந்தக் காலத்துப் புகைப்படங்களில் சாலை, அதை ஒட்டி மணல், மணலில் ஏற்றி வைத்த படகுகள், உடனே அலை. இன்று அதே இடத்தில் சாலைக்குக் கிழக்கே தண்டவாளம், மதில், கன்டெய்னர், கிரேன்.

நடைக்கு முன் எடுத்த முடிவுகள்

முதலில் பாதை. பீச் ஸ்டேஷன் வாசலில் தொடங்கி, ராஜாஜி சாலையின் மேற்கு நடைபாதை வழியே தெற்கே வந்து, பாரிமுனை, உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதில், கோட்டையின் கடல் வாயில், அங்கிருந்து நேப்பியர் பாலம் என்று திட்டம் போட்டோம். பொறியாளர் ஐஸ் ஹவுஸ் வரை இழுக்கலாம் என்றார். 1842ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கி வைக்கக் கட்டிய கிடங்கு அது. இன்று அதற்கும் அலைக்கும் நடுவே மெரினா மணல் முழுவதும் கிடக்கிறது. நல்ல சாட்சிதான், ஆனால் தூரம் அதிகம் என்று விட்டுவிட்டோம்.

பாரிமுனையில் 1773ஆம் ஆண்டு எல்லைத்தூண் ஒன்று நிற்கிறது. அதையும் கரையோடு சம்பந்தமில்லை என்று ஒதுக்கினோம். கையில் கிடைத்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசைதான் மரபு நடைகளைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. குழுவில் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்தது, இல்லாத கரையை எப்படிக் காட்டுவது? பொறியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர வரைபடம் ஒன்றை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் கணினியில் பொருத்தினார். இரண்டிலும் அடையாளம் தெரிகிற மூன்று இடங்களைப் பிடித்து ஒட்டியபோது பழைய கரைக்கோடு இன்றைய சாலையை ஒட்டியே வந்து விழுந்தது. பார்க்க அழகாக இருந்தது. அந்தக் கோட்டை மூன்று இடங்களில் நடைபாதையில் கோலமாவால் போட்டுக் காட்டுவது, பழைய புகைப்படங்களைப் பெரிதாக அச்சடித்து லேமினேட் செய்து எடுத்துப் போவது என்று முடிவானது. வரைபடம் எந்த ஆண்டில் அச்சானது என்று பார்த்தோம். அதற்கான அளவை எந்த ஆண்டில் எடுத்தார்கள் என்று பார்க்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும்.

கையேட்டில் தலைப்பு: "கடலை நிரப்பி எழுந்த சாலை". இதுவும் பின்னால் வரும்.

நடை நாள்

ஆகஸ்ட் மூன்றாவது ஞாயிறு, காலை ஆறரை மணி. 27 பேர் வந்தார்கள். கல்லூரி மாணவர்கள் பாதி, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். முதல் அரை மணி நேரம் நினைத்ததை விட நன்றாகப் போனது. புகைப்படத்தை உயர்த்திப் பிடித்து, "நீங்கள் நிற்கிற இடத்தில் நின்றுதான் எடுத்திருக்கிறார்கள், இப்போது நிமிர்ந்து பாருங்கள்" என்று சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி மதிலைப் பார்த்தார்கள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

முதல் கோலமாவுக் கோட்டைப் போட்டு முடிப்பதற்குள் ரோந்து வந்த காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். நடைக்குக் கடிதம் கொடுத்திருந்தோம், தரையில் எதையாவது போடப்போகிறோம் என்று அதில் எழுதவில்லை. "ஏதாவது கட்சிக்காரங்களா?" என்றார். இல்லை சார், பழைய கடற்கரை என்றோம். அவர் கோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கூட்டி விட்டுடுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நியாயம்தான். துடைப்பம் இல்லாததால் டீக்கடையில் வாங்கிக் கூட்டினோம்.

குழியும் சிப்பியும்

இந்த நடையில் திருப்பம் வந்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டீக்கடைக்குப் பக்கத்தில் குழாய் வேலைக்காக இடுப்பளவு ஆழத்துக்குக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். தார், அதன் கீழே ஜல்லி, அதன் கீழே செம்மண், அதற்கும் கீழே வெளிறிய மணல். மணலில் விரல் நகம் அளவுக்குச் சிப்பிகள். விளக்கிக்கொண்டிருந்த எங்கள் குழுத் தோழர் குனிந்து இரண்டைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதோ, கடல் இங்கேதான் இருந்தது." கூட்டம் உற்சாகமாகிவிட்டது. ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள்.

பின்வரிசையில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதுவரை வாயே திறக்கவில்லை.

"தம்பி, சிப்பி இருந்தா கடல் இருந்ததுன்னு அர்த்தமில்ல. லாரியில கடல் மண்ணை அடிச்சுக் கொட்டினாலும் அதுல சிப்பி இருக்கும். குழாய் போட்டவங்க மேல மூடின மணலாக்கூட இருக்கலாம்."

தோழர் சமாளிக்கப் பார்த்தார். "சரிங்க ஐயா, ஆனா வரைபடத்திலயும் கரை இங்கதான் இருக்கு."

"எந்த வருஷத்துக் கரை?"

பதில் சொல்ல முடியவில்லை. அச்சான ஆண்டைச் சொன்னோம். அச்சடிச்ச வருஷம் வேற, அளந்த வருஷம் வேற என்றார். பத்து வருடத்தில் இந்தக் கரை எவ்வளவு நகரும் தெரியுமா என்று கேட்டுவிட்டு, கையேட்டுத் தலைப்பில் விரலை வைத்தார். "நிரப்பினதுன்னு போட்டிருக்கீங்க. துறைமுகத்துக்குள்ள நிரப்பின இடம் உண்டு, இல்லேங்கல. ஆனா மெரினாவை யாரு நிரப்பினாங்க?"

அப்புறம் அவர் செய்ததுதான் அன்றைய நடையின் சிறந்த ஐந்து நிமிடம். டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவி ஊற்றிய தண்ணீர் நடைபாதை ஓரமாக மணலை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒரு செங்கல் துண்டை எடுத்து ஓட்டத்துக்குப் பாதி குறுக்கே வைத்தார். கடைக்காரரிடம் இன்னும் ஒரு குடம் ஊற்றச் சொன்னார். கல்லுக்கு இந்தப் பக்கம் மணல் தேங்கி மேடாகிக்கொண்டே வந்தது. அந்தப் பக்கம் இருந்த மணலைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போனது. "வருஷத்துல முக்கால்வாசி நாள் தண்ணி தெற்கேர்ந்து வடக்கே மண்ணைத் தள்ளும். வடகிழக்குப் பருவத்துல கொஞ்ச நாள் திரும்பும். மொத்தக் கணக்குல வடக்கேதான் போகும். குறுக்கே கைய நீட்டிட்டா இந்தப் பக்கம் சேரும், அந்தப் பக்கம் போகும். இந்தப் பக்கம் மெரினா."

துறைமுகத்தின் வாசல் முதலில் கிழக்கே பார்த்திருந்ததையும், அதில் மண் வந்து தட்டிப்போனதையும், 1904 முதல் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை அடைத்து வடகிழக்கில் புது வாசல் திறந்ததையும் அவரே சொன்னார். எங்கள் கையேட்டில் இது ஒரு வரிகூட இல்லை.

அந்த இடத்தில் நாங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. திட்டப்படி தொடர்வதா, விளக்கும் பொறுப்பை அவரிடம் கொடுப்பதா? தோழர் முகம் சுருங்கியிருந்தது. ஆசிரியை முன்னால் வந்து, "கையேட்டுத் தலைப்பு தப்பு, அதை அடித்துவிடுங்கள், மீதி நடை முழுக்க ஐயாவும் எங்களோடு பேசுவார்" என்று எல்லோரிடமும் சொன்னார். எங்களில் யாரிடமும் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவுகளில் உருப்படியானது அதுதான்.

ராயபுரத்து அக்கா கேட்டது

செங்கல்லைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தபோது நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண், கல்லின் அரித்துப்போன பக்கத்தைக் காட்டி, "இந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு சொல்லவே இல்லையே?" என்றார். அவர் ராயபுரத்துக்காரர். அவருடைய தாத்தா குடியிருந்த தெருவே இப்போது இல்லை, கடலுக்குள் போய்விட்டது என்றார். "உங்களுக்குக் கடல் போன கதை. எங்களுக்கு வந்த கதை."

பீச் ஸ்டேஷனிலிருந்து வடக்கே போனால் கிளைவ் பேட்டரி, ராயபுரம், காசிமேடு. அங்கிருந்து எண்ணூர் பக்கமாகக் கரை நெடுகக் கருங்கல் கொட்டி, கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டு, அப்படியும் அலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் தெற்கே போகும் பாதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்தப் பக்கம்தான் பெயர் தெரிந்த கட்டடங்கள் இருக்கின்றன என்பது மட்டுமே. கரையின் கதையைச் சொல்ல வந்துவிட்டு, கரை வளர்ந்த பாதியை மட்டும் பாதையாக்கியிருந்தோம். அவருக்கு அங்கேயே சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. வடக்கே ஒரு நடை வைத்தால் வழிகாட்ட வருவீர்களா என்று ஆசிரியை கேட்டார். பார்க்கலாம் என்றார்.

நடுவில் நிறுத்தியது

உயர் நீதிமன்ற மதிலில் எம்டன் கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது, குண்டு ஒன்று விழுந்த இடத்தில் அந்தக் கல் இருக்கிறது. 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் சொல்வது இதிலிருந்து வந்ததுதான் என்று ஆரம்பித்து கால் மணி நேரம் போய்விட்டது. எல்லைத்தூணை ஒதுக்கியவர்கள் எம்டனை விட்டிருக்க வேண்டும். விட முடியவில்லை.

கலங்கரை விளக்கங்களைப் பற்றியும் இங்கே ஒரு தவறான முடிவு உருவாகப் பார்த்தது. 1796ல் கோட்டைக்குள், 1844ல் இன்றைய நீதிமன்ற வளாகத்தில் தனித் தூணாக, 1894ல் நீதிமன்றக் கோபுரத்தின் மேலேயே, 1977ல் மெரினாவில் என்று நான்கு கலங்கரை விளக்கங்கள். "கடல் நகர நகர விளக்கும் பின்னாலேயே போயிருக்கு" என்றார் ஒரு மாணவர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் மூன்றும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம், அவற்றின் வரிசையும் கரை நகர்ந்த திசையும் ஒன்றல்ல. உயரம், தெரியும் தூரம், எங்கே கட்டடம் கிடைத்தது என்பவைதான் அங்கே காரணங்கள். இந்த முறை எங்களில் ஒருவரே அதைச் சொல்லித் திருத்தினார். குழிக்கு முன்னால் என்றால் தலையாட்டியிருப்போம்.

எட்டேகால் மணிக்கு, எழுபது வயதை நெருங்கும் ஒருவர் மதிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை நோய், காலையில் எதுவும் சாப்பிடவில்லை. அந்த நீளத்தில் நிழல் கிடையாது. குளுக்கோஸ் பொட்டலம் ஒருவர் பையில் இருந்தது, எங்கள் பையில் இல்லை. இருபது நிமிடத்தில் தெளிந்தார். மகனைத் தொலைபேசியில் வரச்சொல்லி, ஆட்டோவில் அனுப்பிவைத்தோம். அதே சமயத்தில் மூன்று பெண்கள் ஆசிரியையைத் தனியே கூப்பிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். ஸ்டேஷனை விட்டால் வழியில் எங்கே என்று நாங்கள் பார்த்து வைக்கவில்லை. ஐந்து பேரில் நான்கு பேர் ஆண்கள் என்பதை இங்கே பதிவு செய்வது அவசியம்.

நேப்பியர் பாலத்தைக் கைவிட்டு, கோட்டையின் கடல் வாயிலோடு முடித்துக்கொண்டோம். அந்த வாயிலுக்கு முன் நின்றால் வண்டிகள்தான் தெரியும், பெயரில் மட்டும்தான் கடல். நடை முழுவதும் யாரும் ஒரு தடவைகூடக் கடலைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் ஒரு சிறுமி சொன்னாள்.

அடுத்த பத்து நாள்

மறுநாளே வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் திருத்தம் அனுப்பினோம். தலைப்பு தவறு, சிப்பி சாட்சியாகாது, கோடு தோராயமானது என்று மூன்று விஷயங்கள். பொறியாளருக்கு இதில் மனவருத்தம். கோடு தவறு என்று நிரூபணமாகவில்லையே என்றார். உண்மை. ஆனால் மூன்று புள்ளிக்குப் பதில் ஏழு புள்ளிகளை வைத்து அவரே மறுபடி பொருத்தியபோது கோடு ஓரிடத்தில் சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விட்டது. பழைய வரைபடம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நம்பத்தக்கதில்லை. கோட்டையை ஒட்டி நுணுக்கமாகவும், தள்ளிப் போகப்போகக் கைவாக்கிலும் வரைந்திருந்தார்கள்.

இதன் பிறகு ஒரே கோடு என்பதையே விட்டோம். 1820களில் டி ஹாவிலாண்ட் என்ற பொறியாளர் கருப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, கடல் அரிக்காமல் இருக்கக் கல் தடுப்புச் சுவர் கட்டினார். அதாவது, துறைமுகத்துக்கு முன்னால் இங்கேயே கடல் உள்ளே வந்துகொண்டிருந்த காலமும் உண்டு. அந்தக் கரை ஒன்று, துறைமுகம் தொடங்கும்போது இருந்தது ஒன்று, ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் மெரினா என்று பெயர் வைத்து நடைபாதை போட்டபோது இருந்தது இன்னொன்று.

வடக்கு நடை

ஜனவரியில் ராயபுரம் போனோம். ராயபுரத்து அக்கா வழிகாட்ட ஒப்புக்கொண்டார், நிபந்தனையோடு: பத்துப் பேருக்கு மேல் கூடாது, வீடுகளைப் படமெடுக்கக் கூடாது. ஒன்பது பேர் வந்தார்கள். 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தில் தொடங்கி, படகோட்டிகள் எழுப்பிய ராயப்பர் தேவாலயத்தின் வாசல் வழியாகக் கடற்கரைக்குப் போனோம். ராயப்பர் என்றால் புனித பேதுரு. ஊர்ப் பெயரே அதிலிருந்துதான்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "இங்க என்னா இருக்குன்னு பாக்க வந்தீங்க?" என்று கேட்டார். குரலில் வரவேற்பு இல்லை. அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசினார். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து, கொட்டிய கருங்கல்லின் மேல் ஏறி நின்று, கடலுக்குள் கையை நீட்டி வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்: கடை இருந்த இடம், கிணறு இருந்த இடம், படகு ஏற்றி வைத்த இடம். எல்லாம் தண்ணீர். எங்கள் கையில் லேமினேட் செய்த படங்கள் இருந்தன. யாரும் வெளியே எடுக்கவில்லை.

இப்போது மாறியிருப்பவை

நடை ராயபுரத்தில் தொடங்கித் தெற்கே வருகிறது. முதலில் கடலைப் பார்த்துவிட்டு அப்புறம் மதிலுக்கு வருகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போவதில்லை, ஏழரைக்குள் இட்லி சாப்பிட ஒரு நிறுத்தம், கழிப்பறை எங்கே என்பது முதல் அறிவிப்பு. பெரியவர் உடல்நிலை காரணமாக வருவதில்லை, செங்கல்லும் ஒரு குடம் தண்ணீரும் அவர் சொன்னபடி வருகின்றன. கோலமாவு இல்லை. வழிகாட்டும் அக்காவுக்கு நடைக்கட்டணத்தில் பங்கு உண்டு. அவர் வராத மாதம் வடக்குப் பகுதி நடப்பதில்லை. ஏன் ரத்து செய்கிறீர்கள் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அது இன்னும் தீராத பிரச்சினை.

எம்டனை இன்னும் விட முடியவில்லை. ஐந்து நிமிடமாகக் குறைத்திருக்கிறோம்.

டீக்கடைப் பக்கத்துக் குழியை அந்த மாதமே மூடித் தார் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து எடுத்த இரண்டு சிப்பிகளும் தோழரின் பையில் இருக்கின்றன. நடையில் அவற்றை அவர் வெளியே எடுப்பதில்லை.